பதினோராம் நட்சத்திரம்

மார்ச் 2

எழுந்தபோது இட்லி தீர்ந்துவிட்டிருந்தது. "ராத்திரி பூரா முழிச்சிருக்கிறவங்களுக்கு ராத்திரியே டிபன் போட்டுர வேண்டியதுதான்" என்று முனகிக்கொண்டே சின்னப்பொண்ணு அக்கா உப்புமா கிண்டிக் கொடுத்தார். உப்பில்லாத உப்புமா. சண்டை போடத் தெம்பில்லை, சாப்பிட்டேன்.

நிலைமையை ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன், மனசு அடங்குகிறதா பார்ப்போம். இந்த மலையில் ஒரு மீட்டர் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. பக்கத்தில் இருக்கிற சிவப்புக் குள்ள நட்சத்திரங்களை அதில் மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் என்றால் வானக் கணக்கில் பக்கத்தில். இவை சின்னவை, சூடு குறைந்தவை. இவற்றுக்கு முன்னால் ஒரு கோள் குறுக்கே போனால், நட்சத்திரம் சின்னதாக இருப்பதால் வெளிச்சம் நன்றாகவே குறையும். எங்கள் ஒரு மீட்டருக்குக் கூடத் தெரியும். மூன்று வருஷத்தில் அறுபது நட்சத்திரம் பார்த்துவிட்டேன், ஒன்றும் கிடைக்கவில்லை. போன மாதம் ஒரே ஒரு நட்சத்திரம் மட்டும் இரண்டு முறை மங்கியது. பட்டியலில் அதற்கு நீளமான எண்தான் இருக்கிறது. நான் அதைச் செம்பட்டை என்று கூப்பிடுகிறேன்.

இரண்டு மங்கலை வைத்து, ஏழு நாளும் சில மணியும் கொண்ட ஒரு சுற்று என்று கணக்குப் போட்டாயிற்று. மூன்றாவது முறையும் மங்கினால் அது கோள். இருபத்தேழாம் தேதி கமிட்டி கூடுகிறது. அதற்குள் கோள் கிடைத்தால் எங்கள் வேலை தொடரும். இல்லாவிட்டால் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தொலைநோக்கியைச் செயற்கைக்கோள் குப்பை பார்க்கக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு நாற்பது ஆகப் போகிறது. இதுபோன்ற வேறு வேலை இந்த நாட்டில் எனக்கு யாரும் கொடுக்கப் போவதில்லை.

எனக்கு இந்தக் கோள் வேண்டும். வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

மார்ச் 4

தம்பி முப்பிடாதி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பத்தடிக்கு ஒரு ஃபிளெக்ஸ். நடுவில் நான், கல்யாண வீட்டில் எடுத்த பட்டுப்புடவைப் படம். தலைக்குப் பின்னால் சனிக்கோள், வளையத்தோடு. கீழே 'புதுக் கோள் கண்ட எங்கள் உலகம்மாள்' என்று போட்டு, தம்பியும் அவன் கூட்டாளிகளும் கூலிங்கிளாஸோடு வரிசையாக நிற்கிறார்கள்.

போன் போட்டுக் கத்தினேன். "ஏல, இன்னும் ஒண்ணும் முடிவாகல. யாரு உன்ன இத வைக்கச் சொன்னா?"

"பேப்பர்ல வந்துட்டுல்லாக்கா? ஒங்க பெரிய மேடமே சொல்லிருக்காவ. எல்லாரும் வந்து வந்து கேக்காவ. அம்மா நேத்து ஆட்டோ பிடிச்சுப் போயிப் பாத்துட்டு வந்தா."

பெரிய மேடம் என்றால் எங்கள் மையத்தின் தலைவர் டாக்டர் பத்மாசனி. ஒரு நிருபரிடம் 'கிட்டத்தட்ட உறுதி' என்று சொல்லியிருக்கிறார். அந்தக் 'கிட்டத்தட்ட' என்ற வார்த்தையை நிருபர் விழுங்கிவிட்டார். அம்மா அங்கே எவ்வளவு நேரம் நின்றாள் என்று தம்பியிடம் கேட்கவில்லை.

மார்ச் 7

மேகம். துணி துவைத்தேன்.

மார்ச் 9

துஷ்யந்தி சிலியிலிருந்து கூப்பிட்டாள். யாழ்ப்பாணத்துக்காரி. பெங்களூரில் ஒரே அறையில் நாலு வருஷம் இருந்து இரண்டு பேரும் பிஎச்.டி. முடித்தோம். இப்போது அவளிடம் இருப்பது எங்களுடையதைப் போல நாலு மடங்கு பெரிய தொலைநோக்கி. ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவைதான், நாலே நாலு இரவுதான் அவளுக்குக் கிடைக்கும். இந்த வருஷத்துக்கானது இருபதாம் தேதி தொடங்குகிறது.

"உன்ர நட்சத்திரம் இருபதாம் தேதி எங்கட இரவிலதானே மங்க வேணும்? நான் பாக்கிறன். என்ர தொலைநோக்கியில வந்தா ஒருத்தரும் வாய் திறக்கேலாது."

அன்றைக்கே அவளுடைய நட்சத்திரமும் மங்க வேண்டும், கிட்டத்தட்ட அதே மணிக்கு. அவளும் ஒன்று வைத்திருக்கிறாள், குட்டி என்று பெயர். பத்தரை நாளுக்கு ஒரு தடவை மங்குகிற மாதிரி இருக்கிறது. இன்னும் ஒரு தடவை பார்த்துவிட்டால் அவளுக்கும் கோள்தான். ஒரே நேரத்தில் இரண்டை எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டேன்.

"என்ர குட்டி அடுத்த வருசமும் அங்கதான் நிக்கும். உனக்குத்தான் கமிட்டி. விடு."

நான் விட்டேன். ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

மார்ச் 11

தொலைநோக்கிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் நாள். எங்கள் இன்ஜினியர் ஃபிலோமின் ராஜும் நானும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு நின்றோம். நல்ல மனிதர். பேசாமல் வேலை பார்த்தால் இன்னும் நல்ல மனிதர்.

"மேடம், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேட்டுட்டுத்தான் பாருங்களேன் சார்."

"செம்பட்டை மங்குதான்னு பக்கத்துல இருக்கிற பத்து நட்சத்திரங்களோட ஒப்பிட்டுத்தான பாக்குறோம். அந்தப் பத்தும் வெள்ளை. செம்பட்டை மட்டும் செக்கச்செவேல்னு இருக்கு. காத்துல நீராவி ஏறினா சிவப்பு வெளிச்சத்தைத்தான முதல்ல குடிக்கும்? வெள்ளைங்க தப்பிச்சிரும், இது மட்டும் மங்கின மாதிரி தெரியாதா?"

ஈரமானி அந்த இரண்டு இரவும் காய்ந்த காற்று என்றுதான் காட்டியது என்றேன்.

"அது தரையில இருக்கு மேடம். கீழே அணை இருக்கு. ஈரம் தலைக்கு மேலே போச்சுன்னா இதுக்கு எப்படித் தெரியும்? படத்துல ஒரு சிவப்பு நட்சத்திரம் இருந்தா அதையும் சேர்த்துப் பாத்துட்டா சந்தேகம் தீந்துரும்."

"படத்துல வேற சிவப்பு கிடையாது சார்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மூலையில் ஒன்று இருக்கிறது, பதினோராம் எண். ஜனவரியில் நான்தான் அதை ஒப்பிடும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். ஒரே ஆட்டமாக ஆடிக்கொண்டிருந்தது, ஒப்பிட லாயக்கில்லை. அதனால்தான் எடுத்தேன்.

மார்ச் 14

மங்கியது.

அதிகாலையில் திரையில் வெளிச்சக் கோடு மெல்ல இறங்கியதைப் பார்த்தபோது டீயை மடியில் கொட்டிக்கொண்டேன். முன் இரண்டு தடவை எவ்வளவு இறங்கியதோ அதே அளவு. ஒன்றரை மணி நேரம் முன்கூட்டியே வந்துவிட்டது. அது பரவாயில்லை. அந்த நட்சத்திரத்துக்கு இன்னொரு கோளும் இருந்து இதைப் பிடித்து இழுத்தால் முன்னே பின்னே வரும். அப்படி நடப்பது உண்டு. யோசித்துப் பார்த்தால் இது இரண்டு கோள் என்று அர்த்தம்.

பத்மாசனி மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். விடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அவரும் தூங்கவில்லை போலிருக்கிறது.

மார்ச் 15

சின்னப்பொண்ணு அக்கா கேசரி செய்தார். மேடம் வீடியோவில் வந்து எல்லோர் முன்னாலும் என்னை வாழ்த்தினார். "உலகம்மா இன்னொரு உலகத்தைக் கண்டுபிடிச்சிட்டா" என்றார். பெயரை வைத்து இந்தக் கேலியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு அலுத்தவள் நான். இன்றைக்குப் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன்.

ஃபிலோ சார் கேசரியைத் தொடவில்லை. சர்க்கரை இருக்கிறதாம். போன மாதம் என் பிறந்தநாள் கேக்கில் பாதியைத் தின்றவர்.

மார்ச் 17

வானிலைச் செயற்கைக்கோள் படங்களை எடுத்து ஃபிலோ சார் என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மூன்று மங்கலும் வந்த மூன்று இரவுகள். மூன்றிலும் அணைக்கு மேலே ஈரம் கிளம்பி மலை உச்சியைத் தாண்டியிருக்கிறது. மேகமே கிடையாது, கண்ணுக்குத் துடைத்துவிட்ட வானம்.

ஈரம் கிளம்பிய வேறு இரவுகளும் இருக்குமே, அதையெல்லாம் ஏன் வைக்கவில்லை? மனுஷன் எதைத் தேடுகிறாரோ அதுதான் கண்ணில் படும்.

பதினோராம் எண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டால் வாயை அடைத்துவிடலாம். இன்றைக்கு நேரமில்லை. திரைச்சீலைகளைத் துவைத்தேன், சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன், பழைய பேட்டரிகளைப் பிரித்து வைத்தேன், தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன்.

மார்ச் 18

பதினொன்றைத் திறந்து பார்த்தேன். கண் எரிகிறது. தூங்கப் போகிறேன்.

மார்ச் 19

வெந்நீர் ஹீட்டர் புகைந்துவிட்டது. ஃபிலோ சார் சரிசெய்து கொடுத்தார். கறிவேப்பிலைச் செடியில் பூச்சி, மோர் தெளித்தேன். மதியம் தூக்கம் பிடிக்கவில்லை.

துஷியிடமிருந்து செய்தி: 'நாளைக்கு உன்ர ஆள். வானம் வடிவா இருக்கு. சந்தோசமா இரு.' கட்டைவிரல் படத்தைப் போட்டு அனுப்பினேன். அதற்குமேல் எழுத என்ன இருக்கிறது.

மார்ச் 20

இதை எழுதித்தான் ஆக வேண்டும். பதினோராம் நட்சத்திரமும் மங்கியிருக்கிறது. மூன்று இரவிலும், அதே மணிக்கு, அதே அளவுக்கு. ஆட்டம் ஆட்டம் என்று சொல்லி அதைத் தூக்கியெறிந்தேனே, அந்த ஆட்டமே அதுதான்.

ஆனால் ஒன்று. பதினொன்று தானாகவே ஒளி மாறுகிற நட்சத்திரமாக இருக்கலாம். சிவப்புக் குள்ளர்களில் பாதி அப்படித்தான். மூன்று தடவையும் செம்பட்டையோடு சேர்ந்து மங்கியது தற்செயலாக இருக்கலாம். இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது.

துஷி இன்னும் சில மணி நேரத்தில் தொடங்குவாள். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். சொன்னால் என்ன ஆகும்? அவள் குட்டி பக்கம் திரும்பிவிடுவாள், எனக்குக் கோள் கிடையாது, கமிட்டி கிடையாது, இந்த மலையும் கிடையாது. சொல்லாவிட்டால் நாளை வரை எனக்கு ஒரு கோள் இருக்கிறது. நூற்றில் ஒரு பங்கு அது நிஜமாகவும் இருக்கலாம். அவளுடைய பெரிய தொலைநோக்கியில் அந்த ஒரு பங்கு தெரிந்துவிட்டால்?

சாமி, தெரிந்துவிடட்டும். நான் சாமி கும்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. வெட்கமாக இருக்கிறது.

போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

மார்ச் 21

மாலை நாலு மணிக்குத் துஷி கூப்பிட்டாள். அங்கே விடிந்திருந்தது. குரல் கம்மியிருந்தது, ஆனால் கோபமில்லை.

"ஒண்டும் வரேல்லையடி. கோடு தட்டையா, மேசை மாதிரிக் கிடந்தது. போன முறை முந்தி வந்தது எண்டு சொன்னனீ, அதால பின்னேரத்தில இருந்தே பிடிச்சனான். இந்த முறை பிந்தி வருமோ எண்டு விடியும் வரைக்கும் பாத்தனான்."

"குட்டி?"

"அது நேரத்துக்கு வந்து போயிருக்கும். நான் பாக்கேல்லை."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அந்தப் படத்தின் மூலையில ஒரு சிவப்பு நட்சத்திரம் இருக்கு துஷி, பதினோராம் எண்" என்று தொடங்கினேன். முழுக்கச் சொன்னேன். ஈரம், அணை, மூன்று இரவு எல்லாம். முடித்தபிறகு அவள் கேட்டாள்.

"இது உனக்கு எப்ப தெரியும்?"

இன்றைக்குக் காலையில்தான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். என்னை எப்போதும் நம்புகிறவள்.

"பதினெட்டாம் தேதி."



"பத்தொன்பதாம் தேதி நான் உனக்கு எழுதினனான் எல்லோ. நீ கட்டைவிரல் போட்டனீ."

"துஷி..."

"எனக்கு நித்திரை வருது உலகு. வைக்கிறன்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். பெங்களூரில் பால் பாக்கெட்டுக்காக எல்லாம் திட்டுவாள். சோறு இறங்கவில்லை. சின்னப்பொண்ணு அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது என் தோளில் ஒரு தடவை கையை வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 22

கமிட்டிக்காக மலைக்கு வந்திருக்கும் பத்மாசனி மேடத்திடம் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"ஃபிலோ சாருக்கு. சிலியில துஷ்யந்திக்கு."

"இருபத்தேழு வரைக்கும் பேசாம இரும்மா. ஒரு நட்சத்திரம் பொய்யாப் போச்சுன்னா மத்த அறுபதும் பொய்யா? ப்ராஜெக்ட் உயிரோட இருந்தாதான அடுத்தது கிடைக்கும்? ரினியூவல் கையெழுத்தாகட்டும். மே மாசம் நாமளே 'திரும்பச் சரிபார்த்தோம், இல்லை'ன்னு சொல்லிக்கலாம். யாருக்கு நஷ்டம்?"

அவர் கெட்டவர் இல்லை. இந்தத் தொலைநோக்கிக்காகப் பதினைந்து வருஷம் டெல்லிக்கு நடையாய் நடந்தவர். இருபதாம் தேதி நானும் இதையேதான் நினைத்தேன், யாருக்கு நஷ்டம் என்று. நஷ்டம் யாருக்கென்று இப்போது தெரியும்.

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவே கேவலம்.

மார்ச் 25

துஷிக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் அழித்தேன். அவளுடைய நாலு இரவும் முடிந்திருக்கும்.

மார்ச் 27

கமிட்டி. திரையில் மூன்று பேர். மேடம் செம்பட்டையின் வரைபடத்தைக் காட்டத் தொடங்கியபோது எழுந்து நின்றேன்.

"மேடம், மன்னிச்சிருங்க. சார், இது கோள் இல்ல. காத்துல இருக்கிற நீராவி. பக்கத்துல இருக்கிற இன்னொரு சிவப்பு நட்சத்திரமும் இதே மாதிரி மங்கியிருக்கு. ஒப்பிடும்போது நான் அதைச் சேர்க்காம விட்டுட்டேன். சிலியில பெரிய தொலைநோக்கியிலயும் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல."

மேடம் என்னைப் பார்க்கவில்லை. திரையில் நடுவில் இருந்தவர், "அப்ப மூணு மாசமா உங்க மலை மேல மழை வரப் போகுதான்னு பாத்துட்டு இருந்தீங்களா?" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

"ஆமா சார்" என்றேன். அவர் கேட்டதில் தப்பில்லை.

பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. முப்பத்தொன்றாம் தேதி இரவு வரை தொலைநோக்கி எங்களுடையது, பிறகு குப்பை பார்க்கிறவர்களுடையது. வெளியே வந்தபோது ஃபிலோ சார் வாசலில் நின்றிருந்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததற்கு நன்றி சொல்ல நினைத்து, அழுதுவிட்டேன்.

மார்ச் 28

தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஏல, அந்த ஃபிளெக்ஸ இறக்கிரு."

"ஏங்கா? எதும் எழுத்துப் பிழையா?"

"அது கோள் இல்லலே. நான் தப்பாப் பாத்துட்டேன்."

பஸ் ஹாரன் சத்தம் கேட்டது. அவன் அந்த பஸ் ஸ்டாண்டில்தான் நின்றுகொண்டிருந்தான் போல.

"சரிக்கா. காத்துல கிழிஞ்சுட்டுன்னு சொல்லிக்கிடுதேன். நீ மனசப் போட்டு ஒளப்பாத. ஊருக்கு வா."

அம்மாவிடம் என்ன சொல்வாய் என்று கேட்டேன். "அத நீதாங்கா சொல்லணும்" என்றான். தம்பிக்கு இவ்வளவு விவரம் எப்போது வந்தது என்று தெரியவில்லை.

மார்ச் 29

கட்டிலில் படுத்தபடி குட்டியின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இருபதாம் தேதி சிலி இரவில் மங்கியிருந்தால், பத்தரை நாள் கழித்து எப்போது? முப்பத்தொன்றாம் தேதி இரவு ஒன்பது மணி வாக்கில். எங்கள் இரவு. இந்த மலையில் அப்போது அது தலைக்கு மேலே இருக்கும். குட்டி செம்பட்டையைவிடப் பிரகாசமானது, மங்கலும் ஆழம். ஒரு மீட்டரே போதும்.

ஓடிப்போய் ஃபிலோ சாரைப் பார்த்துச் சொன்னேன். "கடைசி ராத்திரிதான மேடம், யாரு கேக்கப் போறா" என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து குட்டியின் படத்தில் இருக்கிற நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சிவப்பு மூன்று இருந்தது. ஒப்பிடும் பட்டியலில் அந்த மூன்றை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதினேன்.

மார்ச் 30

மேற்கே மேகம் கட்டுகிறது. கோடைமழை இந்த வருஷம் சீக்கிரம் வரும் என்று ரேடியோவில் சொன்னார்களாம். மூட்டை கட்டினேன், பிரித்தேன், கட்டினேன். சாப்பிடவில்லை. வா, வராதே என்று மேகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறேன். பைத்தியம் பிடித்தாலும் இப்படித்தான் இருக்கும்.

ஏப்ரல் 1

நேற்று ஏழு மணிக்கே கூரையைத் திறந்துவிட்டோம். எட்டேமுக்கால் வரை குட்டி அசையாமல் நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. சுத்தமான இறக்கம். சிவப்பு மூன்றும் இம்மிகூட அசையவில்லை, வெள்ளைகளும் அசையவில்லை, குட்டி மட்டும் இறங்கியது. மூன்று வருஷம் நான் தேடியது அதுதான், அடுத்தவள் நட்சத்திரத்தில். அடியைத் தொட்டுக் கொஞ்ச நேரம் ஓடியது. ஏறுவதற்குள் மேகம் வந்து மூடிவிட்டது. கூரையை மூடும்போதே மழை விழுந்தது. இறங்கியது இருக்கிறது, ஏறியது இல்லை. பாதிக் கோள்.

விடியும் முன் எல்லாவற்றையும் துஷிக்கு அனுப்பினேன். ஒவ்வொரு படம், ஈர அளவு, மேகம் வந்த மணி, எது நிச்சயம், எது நிச்சயமில்லை. என் பெயரை எங்கும் போடவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையையும் போடவில்லை, அதைக் கேட்டு அவளை மறுபடி ஒரு வேலை வாங்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது. 'நீ பார்த்து முடிவு செய்' என்று மட்டும் எழுதினேன்.

பத்து மணிக்குப் பதில் வந்தது. ஒரே வரி.

'ஒப்பிட்ட நட்சத்திரங்கள் என்ன நிறம்?'

முன்பெல்லாம் நான் எதை அனுப்பினாலும் அவள் கேள்வி கேட்டதில்லை. மூன்று சிவப்பு, ஏழு வெள்ளை என்று எழுதி, பட்டியலையும் இணைத்து அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

ஜீப் மூன்று மணிக்கு. மழை இன்னும் விடவில்லை.